இரு கண்ணும் ஒரு காட்சியும்

மனிதனுக்குக் கண்கள் இரண்டு. ஆயினும் அவன் காணும் உலகம் ஒன்றே. ஒவ்வொரு கண்ணின் விழித்திரையிலும் தனித்தனியே ஓர் உருவம் விழுகின்றது. அவ்விரண்டு உருவங்களும் முற்றிலும் ஒத்தவையும் அல்ல. எனினும் எதிரே நிற்கும் மரம் இரண்டாகத் தோன்றுவதில்லை. ஒரே மரமாக, அதுவும் இவ்வளவு தொலைவில் நிற்கின்றது என்ற தெளிவுடன் தோன்றுகின்றது. இவ்வாறு இரு கண்களின் காட்சிகளும் இணைந்து ஒன்றாவதை இருவிழிப் பார்வை என்பர்.

இத்திறன் பிறவியிலேயே முழுமையாக அமைந்து வருவதன்று. குழந்தைப் பருவத்தின் முதற் சில ஆண்டுகளில் மூளை பழகிப் பெறுவது. அப்பழக்கத்திற்கு இடையூறு நேர்ந்தால், எந்த நோயும் இல்லாத ஒரு கண்கூடப் பார்வையில் பின்தங்கிவிடும். அதனைக் குழந்தையும் உணராது, பெற்றோரும் அறியார். உரிய வயதில் கண்டுகொண்டால் பெரும்பாலும் இதனைத் தடுத்துவிடலாம். கண்டுகொள்ளும் வாய்ப்போ, கண் மருத்துவருக்கு முன்னரே, பள்ளி ஆசிரியருக்கும் கிராமங்களில் பணிபுரியும் சுகாதார ஊழியருக்கும் கிட்டுகின்றது.

இரு கண்களின் பயன்

முயல், மான், புறா முதலியவற்றின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றிலும் ஏறக்குறைய முழு வட்டத்தையும் முயலால் காண முடிகின்றது. பகைவரிடமிருந்து தப்பி ஓட வேண்டிய உயிருக்கு இவ்வமைப்பு ஏற்றது. இரைமீது பாயும் பூனைக்கும் ஆந்தைக்கும், கிளை விட்டுக் கிளை தாவும் குரங்குக்கும் கண்கள் முகத்தின் முன்புறத்தில் உள்ளன. இவை பரந்த காட்சியை விட்டுக்கொடுத்து, தொலைவைச் சரியாகக் கணிக்கும் ஆற்றலைப் பெற்றவை. மனிதனின் கண்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

மனிதனின் ஒரு கண் கிடைமட்டத்தில் சுமார் 150 பாகை அகலமுள்ள பரப்பைக் காண்கின்றது. இரண்டும் சேர்ந்தால் சுமார் 180 பாகை. இதன் நடுவே சுமார் 120 பாகை இரு கண்களுக்கும் பொதுவான பகுதி. இப்பொதுப் பகுதியிலேதான் இருவிழிப் பார்வை நிகழ்கின்றது.

இரண்டு உருவங்கள் ஒன்றாதல்

ஒவ்வொரு கண்ணையும் அசைக்க ஆறு தசைகள் உள்ளன. பன்னிரண்டு தசைகளும் மூளையிலிருந்து வரும் மூன்று இணை நரம்புகளின் ஆணைக்கு உட்பட்டவை. வண்டி மாடுகள் இரண்டும் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டு ஒரு திசையில் நடப்பதுபோல, இரு கண்களும் எப்போதும் ஒரே பொருளை நோக்கித் திரும்புகின்றன. தொலைவில் உள்ள பொருளைக் காணும்போது இரு பார்வைக் கோடுகளும் ஏறக்குறைய இணையாக இருக்கும். கையிலுள்ள புத்தகத்தைக் காணும்போது இரண்டும் மூக்கின் பக்கமாக உட்புறம் திரும்பும். அதே வேளையில் கண்ணின் வில்லையும் தடித்து, அண்மையில் உள்ளதைத் தெளிவாக்கும். இவ்விரண்டு செயல்களும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன என்பதை நினைவில் கொள்ளுதல் வேண்டும். மாறுகண்ணின் ஒரு முக்கியமான வகைக்கு இப்பிணைப்பே காரணமாகின்றது.

விழித்திரையிலிருந்து செல்லும் பார்வை நரம்புகள் மூளையின் அடியில் சந்திக்கின்றன. அங்கே ஒவ்வொரு கண்ணின் மூக்குப் பக்கத்துப் பாதியிலிருந்து வரும் இழைகள் மறுபுறம் கடந்து செல்கின்றன. மற்றப் பாதியின் இழைகள் தம் பக்கத்திலேயே தொடர்கின்றன. இதன் விளைவாக, இடப்புறக் காட்சி இரு கண்களிலிருந்தும் மூளையின் வலப் பாதியையும், வலப்புறக் காட்சி இடப் பாதியையும் சென்றடைகின்றது. ஒரே இடத்தைப் பற்றி இரு கண்களும் அனுப்பும் செய்தி மூளையின் பின்புறத்தில் ஒரே இடத்தில் வந்து சேருகின்றது. அங்குள்ள உயிரணுக்களிற் பல, இரு கண்களுக்கும் இசைந்து வேலை செய்பவை. காட்சி ஒன்றாவது கண்ணில் அன்று, மூளையிலேயே ஆகும்.

ஆழம் தோன்றும் விதம்

இரு கண்மணிகளுக்கும் இடையே வளர்ந்தவரிடம் 6 முதல் 6.5 சென்டிமீட்டர் வரை இடைவெளி உண்டு. ஆகவே ஒரே பொருளை இரு கண்களும் சிறிது வெவ்வேறான கோணங்களிலிருந்து காண்கின்றன. இந்த வேறுபாட்டையே மூளை ஆழமாக மாற்றி உணர்கின்றது என்பதைப் பரிசோதனையால் நிறுவியவர் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி. 1838-ஆம் ஆண்டில் அவர் ஸ்டீரியாஸ்கோப் என்ற கருவியை விவரித்தார். ஒரு பொருளை வலக்கண் காணும் விதமாக ஒரு படமும், இடக்கண் காணும் விதமாக மற்றொரு படமும் வரைந்து, கண்ணாடிகளின் துணையால் ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்குரிய படத்தை மட்டும் காட்டினார். தட்டையான இரு படங்களும் இணைந்து, திரண்ட வடிவுடைய ஒரே பொருளாகத் தோன்றின.

1960-ஆம் ஆண்டில் பேலா யூலெஷ் என்ற விஞ்ஞானி இதனை மேலும் தெளிவாக்கினார். ஒழுங்கின்றிச் சிதறிய புள்ளிகள் மட்டுமே கொண்ட இரு படங்களை அவர் அமைத்தார். ஒரு கண்ணால் பார்த்தால் அவற்றில் எந்த உருவமும் இல்லை. ஒரு படத்தில் நடுவிலுள்ள புள்ளிகள் மட்டும் சிறிது நகர்த்தப்பட்டிருந்தமையால், இரு கண்களாலும் பார்க்கும்போது ஒரு சதுரம் மேலெழுந்து மிதப்பதுபோலத் தோன்றியது. ஆழத்தை உணர்வதற்கு, பொருள் இன்னதென முன்னரே அறிந்திருத்தல் வேண்டியதில்லை என்பது இதனால் விளங்கிற்று.

இத்தத்துவம் நடைமுறையிலும் பெரிதும் பயன்பட்டுள்ளது. விமானத்திலிருந்து எடுத்த இரு படங்களை ஸ்டீரியாஸ்கோப்பின் அடியில் வைத்து மலையையும் பள்ளத்தையும் கண்டறிந்து நிலப்படம் வரைவது சர்வேயர்களின் வழக்கமாயிற்று. இக்கலையைப் பயிற்றுவதற்கென்றே 1966-ஆம் ஆண்டில் டேராடூனில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1984-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்ற மலையாளத் திரைப்படத்தை, இந்திய மக்கள் தனிக் கண்ணாடி அணிந்து முப்பரிமாணத்தில் கண்டனர். கண்ணாடியின் இரு வில்லைகளும் ஒவ்வொரு கண்ணுக்கும் உரிய படத்தை மட்டும் உள்ளே விட்டன. இருவிழிப் பார்வை இல்லாத ஒருவருக்கு அப்படமும் ஏனைய படங்களைப் போலத் தட்டையாகவே தோன்றியிருக்கும்.

இத்திறனின் நுட்பத்தை எண்களால் அளக்கலாம். ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் கிடைப்பது ஒரு விகலை. நல்ல இருவிழிப் பார்வை உடையவர் 20 விகலை அளவான கோண வேறுபாட்டையும் உணர்வார். இக்கணக்கின்படி, 40 சென்டிமீட்டர் தொலைவில் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் ஆழ வேறுபாடும் புலப்படும். 6 மீட்டர் தொலைவில் இதுவே சுமார் 5 சென்டிமீட்டர் ஆகின்றது. 100 மீட்டர் தொலைவில் சுமார் 15 மீட்டர் ஆகிவிடுகின்றது. ஊசியில் நூல் கோத்தல், பூத் தொடுத்தல், குறுகிய வாயுள்ள பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றுதல் போன்ற அண்மை வேலைகளுக்கே இருவிழிப் பார்வை பெரிதும் உதவுகின்றது என்பது இதனால் தெரியவரும். தொலைவில் உள்ளவற்றின் தூரத்தைக் கணிப்பதற்குப் பொருளின் அளவு, நிழல், ஒன்றை ஒன்று மறைத்தல், தலை அசையும்போது அருகிலுள்ளவை விரைந்து நகர்தல் முதலிய அடையாளங்களே போதும். ஒரு கண்ணையே கொண்டவர் தம் வேலைகளைத் தடையின்றிச் செய்து வருவதும் இவற்றின் உதவியாலேயே.

வகுப்பில் செய்து காட்டத்தக்கவை

முதற் பரிசோதனைக்கு இரண்டு பென்சில்கள் போதும். ஒருவர் ஒரு பென்சிலை நுனி மேலாக நிறுத்திப் பிடிக்க, மாணவன் மற்றொரு பென்சிலைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து அந்நுனியைத் தொட வேண்டும். இரு கண்களும் திறந்திருக்கையில் எளிதாகத் தொடுவான். ஒரு கண்ணை மூடினால் பெரும்பாலும் முன்னேயோ பின்னேயோ தவறிவிடுவான்.

இரண்டாவதில், ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி வலக்கண்ணில் வைத்துக்கொண்டு, இடக் கையை விரித்து, உள்ளங்கை முகத்தை நோக்கியிருக்கக் குழாயின் ஓரமாகப் பிடிக்க வேண்டும். இரு கண்களாலும் தொலைவில் நோக்கினால் உள்ளங்கையின் நடுவே ஓர் ஓட்டை தெரியும். வெவ்வேறான இரு காட்சிகளை மூளை ஒன்றாக்க முயல்வதன் விளைவே இது.

மூன்றாவதில், ஒரு விரலை முகத்தருகே நிறுத்தி, தொலைவில் உள்ள கரும்பலகையை நோக்கினால் விரல் இரண்டாகத் தோன்றும். இஃது இயல்பானதே, நோயன்று. பார்வை ஊன்றிய தொலைவிலும் அதனைச் சார்ந்த சிறு எல்லையிலும் உள்ளவை மட்டுமே ஒன்றாக இணைகின்றன. மற்றவை இரண்டாக விழுந்தாலும், மூளை அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. வேண்டாத உருவத்தைப் புறக்கணிக்கும் இந்தத் திறனே, மாறுகண் உள்ள குழந்தையிடம் பெருந்தீங்கிற்கு வழியாகின்றது.

மாறுகண்

ஒரு கண் பொருளை நேராக நோக்க, மற்றக் கண் உட்புறமோ வெளிப்புறமோ மேலோ கீழோ விலகி நிற்பதே மாறுகண். இந்நிலையில் இரு விழித்திரைகளிலும் விழும் காட்சிகள் பொருந்துவதில்லை. வளர்ந்த ஒருவருக்கு இது புதிதாக ஏற்பட்டால் ஒவ்வொரு பொருளும் இரண்டாகத் தெரியும். அவர் உடனே மருத்துவரை நாடுவார். அவ்வாறு நாடுவதும் அவசியம். ஏனெனில் நீரிழிவு, இரத்த அழுத்தம், தலையில் அடி, மூளையில் கோளாறு முதலியவற்றால் கண் தசை நரம்பு செயலற்றுப் போவதும் இதற்குக் காரணமாகலாம். ஏதேனும் ஒரு கண்ணை மூடியவுடன் இரட்டைத் தோற்றம் மறைந்தால், கண்களின் ஒற்றுமை குலைந்தது என்று கொள்ளலாம். ஒரு கண்ணை மூடிய பின்னும் மறையாவிடில், திறந்துள்ள கண்ணிலேயே புரை போன்ற குறை இருத்தல் கூடும்.

குழந்தையின் நிலை வேறு. வளரும் மூளை இரட்டைத் தோற்றத்தைச் சகிப்பதில்லை. விலகிய கண்ணின் செய்தியை அது ஒதுக்கிவிடுகின்றது. ஆகவே குழந்தைக்கு எந்தத் தொல்லையும் இல்லை. அது முறையிடுவதும் இல்லை. நாள் செல்லச் செல்ல ஒதுக்கப்பட்ட கண்ணின் பார்வை மங்குகின்றது.

மாறுகண்ணுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் எளிதில் தீர்க்கத்தக்கது தூரப்பார்வைக் குறையால் நேர்வது. இக்குறையுள்ள குழந்தை தெளிவாகக் காண்பதற்காகக் கண் வில்லையை அளவுக்கு மீறி உழைக்கச் செய்கின்றது. வில்லையின் உழைப்போடு உட்புறத் திருப்பமும் பிணைந்திருத்தலால் ஒரு கண் மூக்கின் பக்கம் சாய்ந்துவிடுகின்றது. பெரும்பாலும் 2 அல்லது 3 வயதளவில் இது வெளிப்படும். டச்சு மருத்துவர் டோண்டர்ஸ் 1864-ஆம் ஆண்டிலேயே இத்தொடர்பை விளக்கினார். தக்க மூக்குக் கண்ணாடி அணிந்தவுடன் இத்தகைய குழந்தைகள் பலரின் கண்கள் நேராகிவிடுகின்றன.

பிறந்த சில மாதங்கள் வரை குழந்தையின் கண்கள் சிற்சில வேளைகளில் நிலையின்றி அலைவது இயற்கை. மூன்று, நான்கு மாதங்களுக்குப் பின்னும் ஒரு கண் விலகி நின்றால் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

பின்தங்கும் கண்

கண்ணில் வெளிப்படையான பழுது இல்லாமல், மூளை பயன்படுத்தாமையால் பார்வை குன்றிய கண்ணை மக்கள் ‘சோம்பேறிக் கண்’ என்பர். சோம்பல் கண்ணுடையதன்று, அதற்கு வேலை கொடுக்கப்படவில்லை என்பதே உண்மை. நூறு குழந்தைகளில் ஏறக்குறைய இருவர் அல்லது மூவருக்கு இக்குறை இருப்பதாகப் பல நாட்டுக் கணக்குகள் காட்டுகின்றன.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. மாறுகண் ஒன்று. இரு கண்களின் ஒளிக்குறைகளும் சமமாக இல்லாமை இரண்டாவது. தெளிவான கண்ணையே மூளை நம்பி, மங்கலானதைக் கைவிடுகின்றது. பிறவிக் கண்புரை, இமை தாழ்ந்து கண்ணை மூடுதல் போன்ற மறைப்புக்கள் மூன்றாவது. இவற்றுள் இரண்டாவதே மிகவும் ஏமாற்றுவது. கண்கள் நேராக இருக்கும்; குழந்தை ஓடும், ஆடும், படிக்கும். ஒரு கண் ஏறக்குறைய பயனற்றிருப்பதை எவரும் ஐயுறுவதற்கு இடமில்லை.

இதன் காரணம் டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் ஆகிய இருவரின் ஆராய்ச்சிகளால் விளங்கிற்று. 1960-க்குப் பின் சில ஆண்டுகளில், பூனைக் குட்டியின் ஒரு கண்ணைப் பிறந்தது முதல் இரண்டு மூன்று மாதங்கள் மூடி வைத்துப் பின்னர் அவர்கள் திறந்தனர். கண் பழுதின்றியே இருந்தது. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் அக்கண்ணுக்கு இசையும் உயிரணுக்கள் மிகச் சிலவே எஞ்சின. வளர்ந்த பூனையின் கண்ணை அவ்வாறே மூடியபோது அத்தகைய கேடு நேரவில்லை. குட்டிகளுக்குச் செயற்கையாக மாறுகண் உண்டாக்கியபோது, இரு கண்களுக்கும் பொதுவான உயிரணுக்கள் குறைந்து போயின. மூளையில் இடம் பிடிப்பதற்கு இரு கண்களும் போட்டியிடுகின்றன; அப்போட்டிக்கு ஒரு பருவமும் உண்டு. இவ்வுண்மையை வெளிப்படுத்திய இருவரும் 1981-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

சிகிச்சை

முதலில் மறைப்பை நீக்குதல் வேண்டும்; புரை இருந்தால் அறுவை, ஒளிக்குறை இருந்தால் கண்ணாடி. பின்னர், நன்றாகக் காணும் கண்ணைக் குறித்த நேரம் மூடி வைத்து, பின்தங்கிய கண்ணுக்கு வேலை கொடுத்தல் வேண்டும். பிரெஞ்சு இயற்கை நூலறிஞர் பூஃபோன் 1743-ஆம் ஆண்டிலேயே இம்முறையைக் கூறியுள்ளார். நாள் முழுதும் மூடினால்தான் பயன் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2003-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, நடுத்தரக் குறையுள்ள 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நாள்தோறும் 2 மணி நேரம் மூடுவதே 6 மணி நேரம் மூடுவதற்கு ஈடாகப் பயன் தருவதைக் காட்டியது. நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு மருந்து இட்டு அதன் தெளிவைக் குறைத்து வைத்தலும் மற்றொரு முறை. இவை யாவும் மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே செய்யத்தக்கவை. அளவு மீறினால் நல்ல கண்ணே பின்தங்கலாம்.

மாறுகண்ணுக்கு அறுவை செய்து தசைகளின் இழுப்பைச் சமப்படுத்துவதும் உண்டு. அறுவை கண்ணை நேராக்கும். மங்கிய பார்வையைத் தானே மீட்பதில்லை. ஆதலால் கண்ணாடியும் பயிற்சியும் அதன் பின்னரும் தேவைப்படலாம்.

இளமையில் தொடங்கும் சிகிச்சையே நன்கு பலிக்கும். எனினும் வயது கடந்தவரைக் கைவிட வேண்டியதில்லை. முன்னர்ச் சிகிச்சை பெறாத பதின்ம வயதினருள்ளும் ஒரு பகுதியினர் பயனடைந்ததை 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. கைக்குழந்தைப் பருவம் முதல் மாறுகண் கொண்டிருந்த சூசன் பாரி என்ற அமெரிக்க நரம்பியல் அறிஞர், 48-ஆம் வயதில் பயிற்சியின் பயனாக முதன்முறை ஆழத்தைக் கண்டார். இத்தகைய நிகழ்ச்சிகள் அரியவை; காத்திருப்பதற்கு அவை சான்றாகா.

கண்டறியும் முறைகள்

இந்தியாவில் 1976-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில் பள்ளி மாணவரின் கண் சோதனையும் ஓர் அங்கமாகும். 2013-ஆம் ஆண்டில் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்கிரமம் என்னும் குழந்தை நலத் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளவர் சோதிக்கப்படுகின்றனர். அதன் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் நேரில் செல்கின்றன. குறை காணப்பட்டவர் மாவட்ட மையத்திற்கு அனுப்பப்படுகின்றனர். குழு வரும் நாளுக்கு முன்னரே ஆசிரியரும் ஊழியரும் ஐயத்திற்குரிய குழந்தைகளைக் குறித்து வைத்தல் நன்று.

கண்களைத் தனித்தனியே சோதிப்பதே இதில் உயிர்நாடியானது. இரு கண்களும் திறந்திருக்கச் சோதித்தால் நல்ல கண்ணே விடையளிக்கும். பின்தங்கிய கண் அதன் நிழலில் மறைந்துகொள்ளும். 6 மீட்டர் தொலைவில் எழுத்தட்டையை வைத்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் முழுமையாக மூடச் செய்து, மற்றதைச் சோதித்தல் வேண்டும். விரலிடுக்கால் எட்டிப் பார்க்கும் குழந்தைகள் பலர். ஆதலின் தடித்த அட்டையால் பிறரே மூடுவது சிறந்தது. 6 மீட்டரில் 6/9 வரிசையை ஏதேனும் ஒரு கண்ணால் படிக்க இயலாதவரை மருத்துவரிடம் அனுப்பலாம்.

கண்கள் நேராக உள்ளனவா என்பதை அறிய ஒரு சிறு டார்ச் விளக்கு போதும். அரை மீட்டர் அளவிலிருந்து விளக்கைக் காட்டினால் இரு கருவிழிகளிலும் சிறு ஒளிப்புள்ளி தோன்றும். இரண்டிலும் ஒத்த இடத்தில், ஏறக்குறைய கண்மணியின் நடுவில், அது அமைந்திருத்தல் வேண்டும். மூக்கின் அடிப்பகுதி அகன்ற குழந்தைகளுக்கு மாறுகண் இருப்பதுபோலத் தோன்றினும், ஒளிப்புள்ளிகள் ஒத்திருந்தால் அது வெறும் தோற்றமே. அடுத்து, குழந்தை ஒரு பொம்மையை நோக்குகையில் ஒரு கண்ணை மூடி, மூடாத கண்ணைக் கவனிக்க வேண்டும். அது பொம்மையைப் பிடிக்க நகர்ந்தால், அதுவரை நேராக நோக்கவில்லை என்பது பொருள். கைக்குழந்தையின் ஒரு கண்ணை மூடும்போது மட்டும் அது அழுது கையைத் தள்ளுமாயின், திறந்துள்ள கண் சரியாகக் காணவில்லை என ஐயுறலாம்.

வெயிலில் ஒரு கண்ணை மட்டும் மூடுதல், தலையை எப்போதும் ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தல், படிக்கையில் வரி தவறுதல், சிறிது படித்தவுடன் தலைவலி ஆகியவையும் இருவிழி ஒற்றுமையில் குறை இருக்கலாம் என்பதற்கு அறிகுறிகள். கண்மணியில் வெள்ளை ஒளி தெரியுமாயின் ஒரு நாளும் தாமதித்தல் கூடாது. புரை மட்டுமன்றி, விழித்திரைப் புற்றுநோயும் அவ்வாறு தோன்றும்; உயிரையே காக்க வேண்டிய நிலை அது.

மாறுகண் அதிர்ஷ்டத்தின் அடையாளம் என்றும், வளர வளரத் தானே சரியாகிவிடும் என்றும் நாட்டின் பல பகுதிகளில் நம்பிக்கை உண்டு. இந்நம்பிக்கையை ஏளனம் செய்வதால் பெற்றோர் மனம் மாறார். குழந்தையின் நல்ல கண்ணை அவர்கள் எதிரிலேயே மூடி, மற்றக் கண்ணால் எவ்வளவு காண முடிகின்றது என்பதைக் காட்டினால் அவர்களே உணர்வர். ஒட்டுத்துணியும் கண்ணாடியும் அணிந்து வரும் மாணவனை வகுப்பில் பிறர் கேலி செய்யாமற் காப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. கேலிக்கு அஞ்சிக் கழற்றி வைத்த கண்ணாடியால் பயனில்லை.

ஓர் அட்டை, ஒரு டார்ச் விளக்கு, ஒவ்வொரு குழந்தைக்கும் சில நிமிஷங்கள்: இவ்வளவே இதற்கு வேண்டும் சாதனங்கள். பள்ளியில் சேரும் ஆண்டிலேயே ஒவ்வொரு கண்ணும் தனியே சோதிக்கப்படுமாயின், குழந்தைகள் பலர் இரு கண்களோடும் வளர்வர்.